மொழிக்குத் தூய்மை, மரத்துக்குப் பன்மை

யாப்பிலக்கணம் கற்கத் தொடங்கும் தமிழ்ப்பிள்ளைக்கு முதன்முதல் எதிர்ப்படுபவை இரண்டு மாமரங்கள். ஒன்று தேமா, மற்றொன்று புளிமா. ஈரசைச் சீர்களை நினைவிற் கொள்வதற்குப் பழந்தமிழ் ஆசிரியர்கள் அரசர் பெயரைத் தேடவில்லை. கடவுளர் பெயரையும் தேடவில்லை. தோப்பில் நின்ற மரங்களின் பெயர்களையே எடுத்து வாய்பாடாக்கினர். கருவிளமும் கூவிளமும் அவ்வாறு வந்தவையே. காயும் கனியும் சேர்த்துத் தேமாங்காய், புளிமாங்கனி என மூவசைச் சீர்களுக்கும் பெயரிட்டனர். இனிக்கும் மா வேறு, புளிக்கும் மா வேறு என்னும் பகுப்பு, இலக்கணத்துக்கே அளவுகோலாகும் அளவுக்குத் தமிழர் வாழ்வில் ஊறிக் கிடந்தது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், மரத்துக்கும் புல்லுக்கும் உரிய உறுப்புப் பெயர் ஆகியவற்றை அவ்வியல் வகுத்துரைக்கின்றது. வன்மை புறத்தே உள்ளது புல், அகத்தே உள்ளது மரம் என்னும் கூரிய பகுப்பும் அங்கேதான் உள்ளது. இன்று, உயிர்களின் வழிவழிப் பண்பை ஆராயும் அறிவியல் துறைக்குத் தமிழில் வழங்கும் பெயரும் அதே மரபியல்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சொல், இந்நூற்றாண்டின் அறிவியலுக்கு அணியமாக நின்றது. இச்சொல்வளத்தைப் பற்றித் தமிழர் பெருமிதம் கொள்வது தகும். ஆனால், அச்சொல்லுக்குரிய பொருள் தம் தோட்டத்து வேலியோரம் நின்று வெட்டுண்டு சாய்வதை அவர்கள் அறிவார்களா என்பதே கேள்வி.

வருசநாட்டைப் பார்க்க.

தேனி மாவட்டத்தில், மேகமலைத் தொடருக்குக் கிழக்கே, மூல வைகை பிறந்து வழியும் பள்ளத்தாக்கு அது. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, தும்மக்குண்டு, வாலிப்பாறை என்று கல்லும் குன்றும் மயிலும் பெயரிலேயே நிற்கும் ஊர்கள். அந்நாட்டின் பெயரைக்கூட ‘வருஷநாடு’ என்று வடவெழுத்திட்டு எழுதுவார் இன்றும் உளர். மலைக்கு மேற்கே உள்ள கம்பம் பள்ளத்தாக்கு, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் வாழையும் கொடிமுந்திரியுமாய்ச் செழிக்கின்றது. மலைக்கு இப்பாலுள்ள வருசநாடோ மழையையும் கிணற்றையும் பருவத்தில் மட்டும் பெருகும் மூல வைகையையும் நம்பி நிற்கின்றது. ஆதலால் அங்கே மரமே வேளாண்மை. இலவு, முந்திரி, மா, புளி, எலுமிச்சை, தென்னை என்பன அம்மக்களின் உணவும் கடனடைப்பும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஆகின்றன.

அங்குள்ள மாமரங்கள் இருவகைப்படும். ஒன்று, ஒட்டுக்கன்று வாங்கி வரிசையாக நட்ட தோப்பு மரம். மற்றொன்று, கொட்டையிலிருந்து தானே முளைத்து வரப்பிலும் ஓடைக்கரையிலும் வளர்ந்த நாட்டுமரம். ஒட்டுமரம் தாய்மரத்தின் கிளையே ஆதலால், ஆயிரம் கன்று நட்டாலும் மரபால் அது ஒரே மரம். நாட்டுமரம் அவ்வாறன்று. மாம்பூவில் ஈயும் பூச்சியும் வேற்று மரத்து மகரந்தத்தைக் கொணர்ந்து சேர்க்கின்றன. அதனால் கொட்டைதோறும் இரு மரங்களின் பண்பு புதிதாகக் கலக்கின்றது. தாயைப் போலவே பிள்ளை பிறப்பதில்லை. வெள்ளைக்கொழும்பான் போன்ற சில மாக்களில் மட்டும் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றுட் பெரும்பாலானவை தாயையே ஒத்திருக்கும். ஏனைய மாக்களில், விதையில் முளைத்த ஒவ்வொரு மரமும் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தனிமரம். அது வெட்டப்பட்டால் அதனை மீண்டும் படைக்க எவராலும் ஆகாது.

‘நார்க்காய்’, ‘புளிச்சி’, ‘விலைபோகாத காய்’ என்று கூறி, இத்தகைய மரங்களைப் பலகைக்கும் விறகுக்கும் விற்றுவிடுதல் எளிது. வெட்டுவோரைக் குறைகூறிப் பயனில்லை. தம் மரத்தின் மதிப்பு என்னவென்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களும் ஆராய்ந்து வைத்திருக்கவில்லை.

பெயரைக் கொண்டே மரத்தை அறிந்துவிடலாமே என்று தமிழன்பர் கருதலாம். பெயர் இன்றியமையாததே; ஆயினும் பெயர் ஒன்றே போதாது. தமிழர் கிளிமூக்கு என்று வழங்கும் மாவைத் தெலுங்கர் தோத்தாபுரி என்பர். பெங்களூரா என்பதும் அதற்கே பெயர். மேற்குக் கடற்கரையில் ஆப்பூசு எனப்படும் மாவுக்குக் கருநாடகத்தில் பாதாமி என்று பெயர். காதர், குண்டு என்பனவும் அதன் பெயர்களே என்று தோட்டக்கலை நூல்கள் எழுதுகின்றன. சேலத்திலோ குண்டு என்னும் பெயரில் வேறொரு மா விற்கின்றது. ஒரு மரத்துக்குப் பல பெயர். ஒரு பெயரில் பல மரம். வாழையிலும் அவ்வாறே. தமிழகத்துப் பூவன், கேரளத்தில் பாளையங்கோடன். ஆந்திரத்தில் கர்ப்பூரச் சக்கரக்கேளி. உலக நூல்களிலோ அதற்கு ‘மைசூர்’ என்று பெயர். தமிழர் தம் பூவனை நூற்றாண்டுகளாய் வளர்த்து உண்டு வந்தனர். உலகம் அதற்கு வேறோர் ஊரின் பெயரைச் சூட்டி ஏட்டில் ஏற்றிவிட்டது.

இக்குழப்பத்தைத் தீர்க்க எழுந்த கருவியே மூலக்கூற்று அடையாளக்குறி.

உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. எனப்படும் மரபிழை உண்டு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடுஞ்சுவடி போன்றது அது. தமிழர்க்கு இதனை விளக்க வேற்று உவமை வேண்டா. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஒரே நூலின் பல படிகளைத் தேடித் தொகுத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டனர். ஏடெழுதுவோன் ஓரிடத்தில் பிழைத்தால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய படிகளிலும் அப்பிழை தொடரும். ஆகவே, ஒரே பிழையைத் தாங்கிய இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று துணியலாம். மரபிழையிலும் இதுவே முறை. அதில் ஆங்காங்கே இரண்டு மூன்று எழுத்துகள் மீண்டும் மீண்டும் அடுக்கிவரும் இடங்கள் உள. ஒரு மரத்தில் அவ்வடுக்கு பன்னிரண்டு முறை வரும். வேறொரு மரத்தில் பதினெட்டு முறை வரும். இத்தகைய இடங்கள் பலவற்றைத் தெரிந்தெடுத்து எண்ணி ஒப்பிட்டால், இரு மரங்கள் ஒன்றா வேறா, உறவா அயலா என்பது விளங்கும். பிள்ளைமரம் ஒவ்வோரிடத்திலும் ஓரெண்ணைத் தாயிடமிருந்தும் ஓரெண்ணைத் தந்தையிடமிருந்தும் பெறுவதால், பெற்றோர் யாரென்பதையும் கண்டறியலாம்.

1983இல் அமெரிக்க அறிவியலார் காரி முல்லிசு, மரபிழையின் ஒரு சிறு பகுதியைக் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கும் முறையைக் கண்டார். அதற்கு 1993இல் நோபல் பரிசும் பெற்றார். 1984இல் இங்கிலாந்தின் இலெசுட்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் செப்ரீசு, மாந்தர் ஒவ்வொருவரையும் மரபிழையால் வேறுபிரிக்கலாம் எனக் கண்டார். இவ்விரண்டும் கூடி, 1990க்குப் பின் மரஞ்செடிகளின் ஆய்வுக்கு வந்தன. ஆய்வுக்கு ஓர் இளந்தளிர் போதும். மரம் காய்க்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை. காயின் வடிவும் சுவையும் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். மரபிழையில் எழுதிய எழுத்து அவற்றுக்கு ஏற்ப மாறுவதில்லை.

இக்கருவி வெளிப்படுத்திய உண்மைகளுள் இரண்டு, தேனி மாவட்டத்து மக்கள் தம் நெஞ்சில் பதித்துக்கொள்ளத் தக்கவை.

முதலாவது, கம்பம் பன்னீர்க் கொடிமுந்திரி பற்றியது. திராட்சை என்று வடசொல்லால் வழங்கும் இக்கனிக்குப் பன்னீர் என்னும் தமிழ்ப் பெயரைச் சூட்டியது அதன் மணம். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலேறி, ஆண்டு முழுவதும் காய்க்கும் இக்கொடிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தமிழகம் வந்ததாகக் கூறுவர். ஐரோப்பாவில் இதற்கு ஆம்பர்க்கு மசுக்கட்டு என்று பெயர். இதன் பெற்றோர் யாவர் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2003இல் வெளியான மூலக்கூற்று ஆய்வு அதனை உறுதி செய்தது. ஆல்ப்சு மலைப்புறத்தில் விளையும் சியாவா குரோசா என்னும் கருங்கொடி ஒரு பெற்றோர். நடுநிலக் கடலோரத்துத் தொன்மையான அலெக்சாந்திரியா மசுக்கட்டு என்னும் வெண்கொடி மற்றொரு பெற்றோர். கம்பத்து உழவர் மணக்க மணக்கப் பறிக்கும் கொத்தில் இரு கரைகளின் குருதி கலந்துள்ளது.

இரண்டாவது, மாவைப் பற்றியது. 1889இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஒட்டு மாங்கன்றுகள் கொண்டு செல்லப்பட்டன. கடும்பனியில் தப்பிய ஒன்றன் பெயரை அவர்கள் மல்கோபா என்று எழுதி வைத்தனர். 1902இல் அம்மரத்துக் கொட்டைகளை ஒருவர் ஊன்றினார். அவற்றுள் ஒன்று செந்நிறமும் உறுதியான தோலும் கொண்ட கனியை ஈன்றது. ஏடன் எனப் பெயர் பெற்ற அம்மரத்தின் வழிவந்தவையே இன்று உலகச் சந்தையில் கப்பலேறும் செம்மாங்கனிகளுட் பல. தாய் மல்கோபா, தந்தை யார் என்பதை நூறாண்டுக்காலம் எவரும் அறியார். 2006இல் மயாமி ஆய்வாளர்கள் மரபிழையை ஒப்பிட்டு விடை கண்டனர். தந்தை, மேற்கிந்தியத் தீவுகளின் நார்மா! பிசின் நாற்றம் வீசுவதால் கற்பூரத் தைலத்தின் பெயரால் அழைத்து, வேர்க்கன்றுக்கு மட்டுமே பயன்படுத்திய மா. எவரும் விரும்பி உண்ணாத அந்த மரமே, உலகம் விரும்பும் கனிக்குத் தந்தையாயிற்று.

வருசநாட்டு ஓடைக்கரையில் ‘நார்க்காய்’ என்று வெட்டப்படும் மரத்தை இனி எவரேனும் எளிதாகப் பழிக்க இயலுமா? வறட்சியைத் தாங்கும் வேரோ, பூச்சிக்கு மசியாத தோலோ, பருவந்தப்பிக் காய்க்கும் இயல்போ எம்மரத்தில் ஒளிந்துள்ளது என்பதை நாவால் மட்டும் அறிய முடியாது.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்கள் ஒன்றை ஊன்றி எண்ணுதல் வேண்டும். தூய்மை என்னும் சொல் அவர்கட்கு இனியது. வேற்றுச்சொல் புகுந்து தமிழ்ச்சொல்லை வெளியேற்றும்போது மொழி தேய்கின்றது. ஆகவே மொழியில் தூய்மை போற்றுவது உயிர்காப்பு. ஆனால், அத்தூய்மையை அப்படியே மரத்துக்கு ஏற்றி, ‘கலப்பில்லாத எம் மா, எம் வாழை’ என்று பேசப் புகுவது பிழை. மரம் வாழ்வது கலப்பினால். ஒரே மரபு மட்டும் பரவிக் கிடக்கும் தோப்பு, ஒரே நோய்க்கு ஒருசேர வீழும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிச்சேல் வாழை, பனாமா வாடல்நோயால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வணிகத்தினின்றே மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்த கேவெண்டிசும் கிளையன்றி விதையில்லாத ஒரே மரபினது. அதன் வகையாகிய கிராண்ட் நைன் இன்று திசு வளர்ப்புக் கன்றாகத் தேனி மாவட்டமெங்கும் நிற்கின்றது. அங்குள்ள தோட்டங்களிலேயே வாடல்நோய் அதனைத் தாக்கியதைத் திருச்சி வாழை ஆய்வு நடுவத்தார் பதிவு செய்துள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொடிமுந்திரித் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்தபோது, அவற்றைக் காத்தது அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேர். அவ்வேர்மேல் ஒட்டியே ஐரோப்பிய வகைகள் பிழைத்தன. காட்டுக்கொடி என்று இகழ்ந்து அதனை முன்பே அழித்திருந்தால், மீட்சி எங்கிருந்து வந்திருக்கும்?

மொழியிலும் இவ்வுண்மைக்கு இடம் உண்டு. நூல்வழக்குக்கு வறட்சி நேர்ந்தபோதெல்லாம் சொல் ஈந்தது வட்டார வழக்கே. உழவனும் தச்சனும் மீனவனும் காத்துவைத்த சொற்களைத் தொகுத்ததனாலேயே தனித்தமிழ் வளர்ந்தது. ஊர்தோறும் சொல் திரட்டிய அதே ஊக்கம், ஊர்தோறும் மரம் திரட்டுவதற்கும் வேண்டும். மரத்தின் பன்மையைக் காப்பது தமிழ்க்காப்புக்கு அயலான வேலையன்று. மரம் மறைந்தால் அதன் பெயரும் மறையும். இனிப்பு மாவும் புளிப்பு மாவும் கண்ணிற் படாத தலைமுறைக்குத் தேமாவும் புளிமாவும் வெற்றொலிகள்.

பெயர் மறைவதற்கு வேறொரு வழியும் உண்டு. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆய்வு நிலையமும் உள்ளன. அங்கே தெரிந்தெடுக்கப்பட்ட புளி, அருகிலுள்ள எண்டப்புளி என்னும் சிற்றூரின் மரத்து வழியினது. அங்கிருந்து உலகமெங்கும் சென்ற ஆண்டுமுருங்கை, எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து தெரிந்தெடுத்தது. எப்போதும்வென்றான்! இதனினும் ஏற்றமான பெயரை ஒரு பயிருக்கு எவரே சூட்ட வல்லார்? ஆயினும் இரண்டுக்கும் ஏட்டில் இட்ட பெயர் ‘பி.கே.எம்.1’. ஆய்வாளர்கள் உழவர்க்குச் செய்த நன்மை பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால், மரம் தந்த ஊரின் பெயர் மூன்று ஆங்கில எழுத்துக்குள் அடங்கி மறைந்தது. அந்த முருங்கையைப் பயிரிடும் ஆப்பிரிக்க உழவர்க்கு எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருப்பது தெரியாது. தமிழகத்து உழவர்க்கேனும் தெரியுமா?

எனவே, வேண்டுவது இரண்டும் இணைந்த பதிவு. மரபிழையின் எண்கள் மட்டும் இருந்தால், மரம் யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எப்பெயரால் வழங்கியது என்பன காணாமற் போகும். பெயர் மட்டும் இருந்தால், அது எம்மரத்தைச் சுட்டுகின்றது என்பதற்குச் சான்றிராது. மரபிழை ஆய்வுக்கும் எல்லையுண்டு. செவ்வாழையின் கன்றொன்று சிலபோது பச்சைத்தோலாகத் திரியும். அந்நுண்ணிய திரிபை, தெரிந்தெடுத்த சில அடையாளக்குறிகள் காட்டாமற் போகலாம். ஆனால், உழவன் கண் காட்டிவிடும். பன்னீர்க்கொடியின் மரபிழை, அது கம்பத்தில் விளைந்ததா வேறிடத்தில் விளைந்ததா என்று சொல்லாது, வகையைத்தான் சொல்லும். மண்ணுக்குச் சான்று மண்ணை உழுதவனே. ஆய்வகத்தின் எண்ணும் உழவனின் சொல்லும் ஒரே ஏட்டில் அமர்தல் வேண்டும்.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் வழிவழியாகப் போற்றிய வகையை உழவர் பெயரிலேயே பதிய இசைகின்றது. மரத்துக்கும் கொடிக்கும் அவ்வுரிமை 18 ஆண்டுகள் வரை நீளும். பதிவுக்கு, வகை தனித்தன்மை உடையது என்று காட்ட வேண்டும்; அதற்கு மரபிழைச் சான்று துணைநிற்கும். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டமோ, ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு எழுதச் சொல்கின்றது. கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஓர் உழவரின் தோட்டத்தில் நின்ற பலாமரத்தைப் பெங்களூருத் தோட்டக்கலை ஆய்வகம் கண்டெடுத்து, ‘சித்து’ என்று அக்குடும்பத்தார் பெயராலேயே வழங்கியது. ஒட்டுக்கன்று விற்பனை வருவாயில் பங்கும் அவருக்கு உரித்தாயிற்று. கருநாடகத்தில் ஆனது வருசநாட்டில் ஆகாதா?

இதற்கு மறுப்புரைப்பார் கூறுவன இரண்டு. ஆய்வகத்தில் எழுதிவைத்தால் வெளிநாட்டு நிறுவனங்கள் அதனைக் களவாடும் என்பது ஒன்று. அச்சம் ஞாயமானதே. 1995இல் மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால், 1997இல் அது நீக்கப்பட்டதற்குக் கரணியம் என்ன? அப்பயன் முன்னரே அறியப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தது. எழுதாமல் விட்டதைக் களவாடுவதே எளிது. பாசுமதி அரிசியில் வேற்றரிசி கலப்பதைக் கண்டறிய ஐதராபாத்து ஆய்வகத்தார் மரபிழை அடையாளக்குறிகளைக் கொண்டே ஆய்வுமுறை அமைத்தனர். கள்வனுக்குக் கருவியாவது காவலனுக்கும் கருவியாகும். ஏட்டுக்கு உரியவர் ஊர்மக்களாக இருக்க வேண்டும் என்பதே இங்கே கருதத்தக்கது.

இவ்வறிவியல் ஆங்கிலத்தில் உள்ளது, உழவர்க்கு எட்டாது என்பது மற்றொன்று. எட்டாமற் செய்தது யார்? பெரியகுளத்திலும் திருச்சியிலும் ஆராயப்படும் மரங்கள் தமிழ்நிலத்தில் நிற்பவை. தளிர் கொடுத்தவர் தமிழ் உழவர். ஆய்வின் முடிவோ அவர் படிக்க முடியாத மொழியில் வெளியாகின்றது. தாம் கொடுத்த தளிருக்கு என்ன விடை வந்தது என்று தம் தாய்மொழியில் அறியும் உரிமை அவருக்கு இல்லையா? மரபியலுக்குச் சொல் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. துறையின் பெயரே தொல்காப்பியத்தினது. இல்லாதது மனமே.

2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அம்மலைக்காடு வைகையின் தாய்மடி. அதனைக் காப்பது கடமை. ஆனால், காட்டின் எல்லைக்கு வெளியே, வரப்பிலும் ஓடையிலும் கோயில் திடலிலும் நிற்கும் நாட்டுமரங்களுக்குக் காப்பகமும் இல்லை, காவலரும் இல்லை. வேந்தர்கள் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைக் காவல்மரமாகக் கொண்டு, அதற்குத் தீங்கு நேர்தலைத் தம் மானத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதிய நிலம் இது. வேந்தர் போயினர். காவல் மட்டும் மக்களிடம் வந்து சேரவில்லை.

தமிழன்பர்களும் ஊராட்சியினரும் செய்ய வேண்டுவன பலவல்ல. வருசநாட்டு ஊராட்சிகள் ஒவ்வொன்றும் தம் எல்லையிலுள்ள நாட்டு மா, புளி, எலுமிச்சை மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும். முதியோர் வழங்கும் பெயரை, அவர் ஒலித்தவாறே, தமிழில் எழுத வேண்டும். சுவை, நார், பருவம், பயன், ஊறுகாய்க்கு உகந்ததா, வறட்சியைத் தாங்கியதா என்பனவற்றைக் குறிக்க வேண்டும். மரந்தோறும் தளிர் எடுத்து மரபிழை ஆய்வுக்கு அனுப்பி, முடிவைத் தமிழில் எழுதிக் கேட்டு வாங்கி, அதே ஏட்டில் சேர்க்க வேண்டும். தனித்தன்மை வாய்ந்த மரங்களிலிருந்து ஒட்டெடுத்து, வேறு இரண்டு இடங்களிலேனும் நட வேண்டும். புதிய வகை வெளியிடும் ஆய்வு நிலையங்கள், மரம் தந்த ஊரின் பெயரையே அதற்கு இட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் ஒன்றுகூடினால் ஒரு கோடைக்குள் ஏடு எழுந்துவிடும்.

வெட்டுண்ட சுவடியை ஒட்டிப் படிக்கலாம். செல்லரித்த ஏட்டுக்கும் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கலாம். விதையில் முளைத்த மாமரத்துக்கு மற்றொரு படி இல்லை. வருசநாட்டின் ஓடைக்கரையில் கோடரி விழுமுன் அதன் பெயரையும் மரபையும் எழுதிவிடுவது தமிழர் கடன்.

மொழியைத் தூய்மையாற் காக்க! மரத்தைப் பன்மையாற் காக்க!